கருப்பணனுக்கு மூன்று நட்சத்திரம்

இனிமேல் இந்த வீட்டில் ஆதாரம் இல்லாத பேச்சு எடுபடாது என்று அறிவித்தேன். 2004, தை மாதம், காலை பத்து மணி. என் மனைவி ராமுத்தாய் முருங்கைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நறுக்குவதை நிறுத்தவில்லை.

முப்பத்து நாலு வருஷம் பத்திரப்பதிவு அலுவலகத்தில் குப்பை கொட்டி ஓய்வு பெற்றவன் நான். கைரேகை இல்லாத எதையும் நம்பியதில்லை. பெங்களூரில் இருக்கும் மகன் செழியன் தன் பழைய கம்ப்யூட்டரையும், வம்சாவளி எழுதும் சாப்ட்வேர் ஒன்றையும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிருந்தான். அப்பா சும்மா இருந்தால் அம்மாவுக்குத்தான் கஷ்டம் என்று நினைத்திருப்பான்.

அந்த சாப்ட்வேர் என் குணத்துக்கென்றே செய்தது. ஒரு பெயரைப் போட்டால் உடனே கேட்கும்: இது உனக்கு எப்படித் தெரியும்? பத்திரமா, பத்திரிகையா, யாராவது சொன்னதா? சொன்னவர் நேரில் பார்த்தவரா, கேள்விப்பட்டவரா? பதிலுக்கேற்ப நாம் நட்சத்திரம் போட வேண்டும். கண்ணால் கண்ட சாட்சிக்கு மூன்று. காதில் விழுந்ததற்கு ஒன்று. ராமுத்தாய் சொல்வதற்குச் சைபர் என்பது நானே சேர்த்துக்கொண்ட விதி.

அந்த வாரமே பேரன் பிறந்தான். மருமகள் புவனேஸ்வரி ரெட்டியார்சத்திரத்தில் தாய்வீட்டில் இருந்தாள். நீங்கள் இரண்டு பேரும் ஒத்துப்போய் ஒரு பெயர் சொல்லுங்கள், அதையே வைக்கிறோம் என்று செழியன் போனில் சொல்லிவிட்டான். நாங்கள் கடைசியாக ஒத்துப்போனது 1971இல், மணவறையில்.

எங்கள் வம்சத்தில் தாத்தா பெயர் பேரனுக்கு. என் தாத்தா கருப்பணன். நான் கருப்பணன். பேரனும் கருப்பணன்தான் என்றேன். எனக்குப் பிறகும் என் பெயர் நிலைக்க வேண்டும் என்று உள்ளுக்குள் கொள்ளை ஆசை. அதை வெளியே சொல்ல வெட்கமாக இருந்ததால் மரபு என்று சொன்னேன்.

"முடியாது," என்றாள். "உங்க பேர நான் வாயால சொல்ல மாட்டேன். அப்புறம் பேரன எப்படிக் கூப்புடுறது?"

வாஸ்தவம். முப்பத்து மூன்று வருஷத்தில் அவள் வாயில் என் பெயர் வந்ததே இல்லை. ரேஷன் கடையில் கேட்டால் கார்டை நீட்டி எழுத்தைத் தொட்டுக் காட்டுவாள். ஜவுளிக்கடைக் கூட்டத்தில் நான் தொலைந்துபோனபோதுகூட "செழியன் அப்பா எங்கிருந்தாலும் வரவும்" என்றுதான் மைக்கில் சொல்லவைத்தாள். திண்டுக்கல்லில் எத்தனை செழியனுக்கு அப்பா இல்லை?

பேரன் பெயரைச் சொன்னால் புருஷன் பெயரைச் சொன்னதாக ஆகாது என்று வாதாடினேன்.

"அதுக்கு ஆதாரம்?" என்றாள் ராமுத்தாய். "உங்க வம்சத்துல எந்தப் பொம்பளையாவது புருஷன் பேரு வச்ச பேரனப் பேரு சொல்லிக் கூப்புட்டான்னு காட்டுங்க. ஒத்துக்கிறேன்."

பீரோவைக் குடைந்து, 1953இல் என் அப்பத்தா எனக்கு எழுதிய தானப் பத்திரத்தை எடுத்தேன். 'என் பேரன் கருப்பணனுக்கு' என்று ஸ்பஷ்டமாக இருந்தது. ராமுத்தாய் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தாள். இதை எழுதியது பத்திரம் எழுதுபவர், அப்பத்தா கைநாட்டு மட்டும்தானே வைத்திருக்கிறார், வாயால் சொன்னதற்கு எங்கே சாட்சி என்று கேட்டாள். சார்பதிவாளர்கூட என்னை இப்படி மடக்கியதில்லை. பத்திரத்துக்குப் போட்டிருந்த நட்சத்திரத்தில் ஒன்றைக் குறைத்தேன்.

மறுநாள் செம்பட்டிக்குப் பஸ் ஏறினேன். எங்கள் பழைய வீட்டுக்கு அடுத்த வீட்டு மாயம்மாள் அத்தை அங்கே இருக்கிறார். எண்பது வயது. பல் இல்லை, ஞாபகம் இருக்கிறது. ராமுத்தாயே தயிர்சாதம் கட்டிக் கொடுத்து, அத்தை சொல்வதை ஒரு வார்த்தை விடாமல் எழுதிவரச் சொன்னாள். அப்போதாவது எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

"பேரு சொல்லாமயா?" என்றார் அத்தை. "நாள் பூரா அந்தச் சத்தந்தான் அப்பு. 'ஏலே கருப்பணா, திங்க மட்டும் வாரே, வேலைன்னா ஆளக் காணம்'னு உன் அப்பத்தா உன்னைய வைவா. நீ தொட்டில்ல கெடப்ப. உன் தாத்தா எந்திரிச்சுப் போயி மாட்டுக்குத் தண்ணி காட்டுவாரு."

அப்படியே எழுதி, அத்தைக்குப் படித்துக் காட்டி, கைரேகையும் வாங்கினேன். நேரடிச் சாட்சி, மூன்று நட்சத்திரம். வீட்டுக்கு வந்து ராமுத்தாய்க்கு வாசித்தேன். இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாள். பிறகு பெருமூச்சு விட்டு, ஆதாரம் என்றால் ஆதாரம்தான் என்று ஒத்துக்கொண்டாள். கல்யாணமானதிலிருந்து நான் ஜெயித்த முதல் வழக்கு அது. அன்று இரண்டு அப்பளம் கூடுதலாகக் கிடைத்தது.

மூன்றாம் மாதம் எங்கள் வீட்டில் தொட்டில் போட்டுப் பெயர் வைத்தோம். கம்ப்யூட்டரில் ஏற்றினேன். உயிரோடிருப்பவர்களில் ஒரே பெயரில் இரண்டு பேர் இருக்கிறார்கள், இருவரும் ஒரே ஆளா, சேர்த்துவிடவா என்று கேட்டது. சிரித்துக்கொண்டே 'இல்லை' என்று அழுத்தினேன்.

மறுநாள் காலை அடுப்படியிலிருந்து குரல் வந்தது. "ஏலே கருப்பணா, விடிஞ்சு எம்புட்டு நேரமாச்சு? பால் வாங்க யாரு போறது?"

தொட்டிலைப் பார்த்தேன். கருப்பணன் கட்டைவிரலைச் சூப்பிக்கொண்டிருந்தான். நான் போய்ப் பால் வாங்கிவந்தேன். மத்தியானம், தின்ற தட்டைக் கழுவி வைக்கத் தெரியாதா என்று கருப்பணனுக்கு மறுபடி திட்டு விழுந்தது. அவனுக்குப் பல்லே முளைக்கவில்லை. மருமகள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

"யாரைச் சொல்ற?" என்றேன்.

"பேரனக் கொஞ்சுறேன். நீங்கதான கைரேகையோட ஆதாரம் கொண்டாந்தீங்க?"

அத்தையின் வாக்குமூலத்தை எடுத்து மறுபடி படித்தேன். சாட்சி நம்பத்தக்கதா என்று பார்த்தேனே தவிர, சாட்சி என்ன சொல்கிறது என்று பார்க்கவில்லை. அப்படியென்றால் முதலில் ஏன் முடியாது என்றாய் என்று கேட்டேன்.

"சரின்னு சொல்லியிருந்தா செம்பட்டி வரைக்கும் போயிருப்பீங்களா?" என்றாள்.

அடுத்த மாதம் பேரன் பெங்களூர் போய்விட்டான். அவன் போட்டோவை ராமுத்தாய் அடுப்படியில் மாட்டிக்கொண்டாள். நேற்று கம்ப்யூட்டரைத் திறந்து உட்கார்ந்தேன். இருவரும் ஒரே ஆளா என்று அது மறுபடி கேட்டது.

"ஏலே கருப்பணா, கேஸ் தீந்துபோச்சு," என்று போட்டோவைப் பார்த்துச் சொன்னாள் ராமுத்தாய்.

'ஆமாம்' என்று அழுத்திவிட்டு, சிலிண்டரை மாட்ட எழுந்தேன்.