கைமளி மீனின் கண்ணியமான வாய்

எழுபதுகளின் நடுவில் திருவனந்தபுரத்தில் மீனாராய்ச்சி செய்தவர்களிடையே பெயர் வைக்கும் காய்ச்சல் ஒன்று பரவியது. புது மீனைக் கண்டுபிடித்து அதற்குத் துறைத்தலைவர் பெயரைச் சூட்டினால் ஆய்வேடு உடனே கையெழுத்தாகும். சூட்டாதவர்களுடையது 'பரிசீலனையில்' இருக்கும்.

விளவங்கோட்டு ராஜையனின் ஆய்வேடு ஏழு வருடமாகப் பரிசீலனையில் இருந்தது. அவனுக்கு நிச்சயித்திருந்த அம்மிணியின் அப்பாவோ, "டாக்டர் பட்டம் வரட்டும், அப்புறம் கல்யாணம்" என்று பிடிவாதமாக இருந்தார். அம்மிணிக்கு முப்பது நெருங்கிக்கொண்டிருந்தது.

ஆகவே வேளிக் காயல் சேற்றில், எந்தப் புத்தகத்திலும் இல்லாத விரல்நீள மீனொன்று அகப்பட்டபோது ராஜையனுக்குக் கண் கலங்கிவிட்டது. துறைத்தலைவர் டாக்டர் பரமேஸ்வரக் கைமளின் திருநாமத்தால் அதற்குக் 'கைமளி' என்று பெயரிட்டு, வர்ணனை எழுதி அவர் மேசையில் சமர்ப்பித்தான்.

கைமள் பூரித்துப்போனார். பிறகு வாசித்தார்.

"எந்தா ராஜையா இது? 'மண்டை பெரிது, மூளை சிறிது. வாய் மிக அகலம். வயிறு தொங்கும். கிடந்த இடத்தை விட்டு அசையாது.' யாரைப் பற்றி எழுதியிருக்கே?"

"மீனைப் பற்றித்தான் சார். அளந்து எழுதினேன்."

"அளவு சரிதான். மரியாதை போராது. திருத்திக் கொண்டு வா."

ராஜையன் திருத்தினான். நெற்றி விசாலமாயிற்று. வாய் கண்ணியமான அளவுக்குச் சுருங்கியது. வயிறு உள்ளே போயிற்று. 'வெள்ளத்தை எதிர்த்து நீந்தும்' என்ற வரியைக் கைமளே தம் கைப்படச் சேர்த்தார். அச்சாயிற்று. மீன் வடக்கே ஒரு நிபுணரின் சரிபார்ப்புக்குப் போயிற்று; அவர் பதில் வந்ததும் ஆய்வேட்டில் கையெழுத்து என்றார் கைமள்.

மூன்றாம் மாதம் மீனும் நிபுணரின் கடிதமும் சேர்ந்து திரும்பி வந்தன. 'தாங்கள் அனுப்பிய மீனுக்கும் தாங்கள் எழுதிய மீனுக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை.'

அவசரமாகக் கமிட்டி கூடியது. அச்சில் வந்தது பிழையாக இருக்க முடியாது. எனவே மீன்தான் பிழை என்று ஏகமனதாகத் தீர்மானமாயிற்று. பிழையான மீன் ஜன்னல் வழியே வெளியேற்றப்பட்டது. சரியான மீனைத் தேடிப் பிடிக்கும் பொறுப்பு ராஜையனுக்கு.

"அப்படியொரு மீனே கிடையாதே சார்!"

"கிடையாதுன்னு எங்ஙனே தெரியும்? தேடினாயோ?"

இரண்டு வருடம் ஜீப்பும் வலையுமாகத் தேடினான். 'வேளிக் காயலில் கைமளி மீன் காணப்படாமை' என்ற ஆய்வேட்டை எழுதினான். கைமள் அன்றே கையெழுத்திட்டார். ராஜையன் டாக்டரானான்; கல்யாணமும் ஆனது. மற்ற காயல்களில் காணப்படாமைக்காக இன்னும் நாலு பேர் டாக்டரானார்கள்.

ஐந்து ஆய்வேடுகளையும் சேர்த்துப் பார்த்த அரசு, கைமளி அழிந்துகொண்டிருப்பதாக அறிவித்து, அதைப் பிடிக்கத் தடை விதித்தது.

மறுவாரம் சந்தையில் மீன்காரி செல்லபாயைச் சுற்றி ஒரே கூட்டம்.

"கைமளி! சர்க்காரே பிடிக்கப்பிடாதுன்னு சொன்ன மீனாக்கும்!"

கூடையில் ஏதோ பொடிமீன். ராஜையன் வாய் திறக்கப்போனான். அம்மிணி அவன் முழங்கையைப் பிடித்தாள்.

"பேசிட்டு நிக்காதீங்க. தீர்ந்துபோயிரும்."

வாங்கிப் போய்க் குழம்பு வைத்தார்கள். டாக்டர் ராஜையன் இரண்டாம் தடவையும் சோறு கேட்டான்.