காற்றோடு மல்லுக்கட்டிய காத்தண்ணை

யாழ்ப்பாணத்தில் காற்றோடு சண்டை பிடித்தே தலை நரைத்தவர் காத்தண்ணை ஒருவர்தான். மானிப்பாயில் ஒலிபெருக்கி வாடகைக்குக் கொடுப்பவர். அவருடைய சொந்தப் பெயர் அவர் மனைவிக்காவது ஞாபகம் இருக்கிறதோ தெரியாது.

மற்றவர்கள் ஸ்பீக்கரைக் கட்டிவிட்டுச் சாப்பிடப் போவார்கள். இவர் பாட்டைப் போட்டுவிட்டுச் சைக்கிளில் ஊரைச் சுற்றுவார். ஒருநாள் நான் கிணற்றடியில் குளிக்கும்போது வேலிக்கு மேலால் அவர் தலை தெரிந்தது.

"தம்பி, பாட்டுக் கேக்குதோ?"

"ஓம் அண்ணை."

"ஒரே அளவாக் கேக்குதோ, உப்பி வத்திக் கேக்குதோ?"

கண்ணில் சவர்க்காரத்தோடு நின்றவனுக்குப் பாடம் தொடங்கியது. "வாய்க்கால் தண்ணியிலை சுழி இருக்கெல்லே? காத்துக்குள்ளையும் இருக்கு. சத்தம் அதிலை அம்பிட்டால் சிதறிப்போம். காத்தோடை போற சத்தம் நிலத்துக்கு வளையும். எதிர்த்துப் போறது மேலை எழும்பிப்போம்."

நீர்வேலியில் ஒரு கலியாண வீட்டில், காற்று சத்தத்தைப் பந்தலுக்குக் கொண்டுவரும் என்று கணக்குப் பார்த்து ஸ்பீக்கரை வாழைத்தோட்டத்துப் பக்கம் திருப்பிக் கட்டினார். பந்தலில் ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த ஊர் முழுக்க மேளக் கச்சேரியை ரசித்தது.

"உவர் எங்கடை கலியாணத்தை அடுத்த ஊரிலை நடத்திறார்!" என்று பெண்ணின் தகப்பன் கொதித்தார்.

"பொறுங்கோ, காத்துத் திரும்பும்."

திரும்பியது. தாலி கட்டி மூன்றாம் நாள்.

போன வருஷம் தொண்டைமானாற்றுப் பக்கம் ஒரு கோயில் திருவிழாவில் என் நாலு வயது மகளைத் தவறவிட்டேன். சோளகக் காற்று மண்ணை வாரி இறைத்துக்கொண்டிருந்தது. பிள்ளை தண்ணீர்ப் பக்கம் போனதைக் கண்டதாகக் கச்சான் கடலை விற்கிற அக்கா சொன்னார். அங்கே ஸ்பீக்கர் கட்டியிருந்தவர் காத்தண்ணைதான்; அவரிடம் ஓடினேன்.

"மஞ்சள் நிறச் சட்டை அணிந்த, நான்கு வயது மதிக்கத்தக்க..." என்று அறிவிப்பாளர் தொடங்கினார். காத்தண்ணை மைக்கைப் பறித்தார்.

"நீட்டினால் காத்து நடுவிலை முறிச்சுப்போடும். தம்பி, பிள்ளையை வீட்டிலை என்னெண்டு கூப்பிடுறனீங்கள்?"

"மின்னி."

பக்கத்துப் பனையின் ஓலையைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஓலை கொஞ்சம் அடங்கும்போதெல்லாம், "மின்னீ, கோயிலடிக்கு வா!" அவ்வளவுதான். திரும்பவும் அதே. நாங்கள் தண்ணீர்க் கரை முழுக்கத் தேடினோம். அவர் குரல் ஒருக்கால் காதடியில் கேட்டது, ஒருக்கால் இல்லாமலே போனது. ஆனால் நிற்கவில்லை.

நான் வெறுங்கையோடு திரும்பி வந்தபோது, மின்னி கால் நிறையச் சேற்றோடு கோயிலடிக்குத் தானாக நடந்து வந்துகொண்டிருந்தாள்.

"மாமா கூப்பிட்டவர். பிறகு காத்து அதைச் சாப்பிட்டிட்டுது. பிறகும் கூப்பிட்டவர்" என்றாள். நான் அவளைக் கட்டிக்கொண்டு விம்மினேன்.

காத்தண்ணை எங்களைக் காணவில்லை. ஓலையிலிருந்து கண்ணை எடுக்காமல், தொண்டை கட்டிப்போன குரலில் இன்னும் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். பிள்ளை போய் அவர் வேட்டியைப் பிடித்து இழுத்தாள்.

"வந்திட்டன் மாமா."

அவர் மைக்கை நிறுத்தினார். பிறகு நிலத்தில் குந்தியிருந்து அழுதார். கூடப் பிறந்த அண்ணன் இல்லாத எனக்கு, அன்றைக்கு ஒருவர் கிடைத்தார்.