ஆஷாடத்துக்குக் காத்திருந்த கணவன்

வீட்டுச் சங்கதியை வழியில் போகிறவரிடமெல்லாம் சொல்லிவிட்டு, வீட்டில் இருப்பவளிடம் மட்டும் வாய் திறக்காத ஒரு கணவர் இனம் உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். நரசராவ்பேட்டையில் விதைக்கடை வைத்திருக்கும் கோட்டேஸ்வர ராவ் அதற்குச் சரியான மாதிரி.

அவன் குறை என்ன? விந்து முந்துகிறது. தொடங்கிய சூட்டிலேயே முடிந்துவிடுகிறது. அவ்வளவுதான். எத்தனையோ ஆண்களுக்கு வருவது, வைத்தியம் உள்ளது. ஆனால் இந்த இனத்தார் அதைச் சளி, காய்ச்சல் வரிசையில் வைப்பார்களா? ராஜ்யத்தையே பறிகொடுத்த முகத்தோடு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்து, வராத குறட்டையை வரவழைத்து, மறுநாள் கடையை ஒரு மணி நேரம் தாமதமாகச் சாத்தி, அதற்கடுத்த நாள் கிரிக்கெட் முடியும்வரை கூடத்திலேயே உட்கார்ந்து, ஒரு வாரத்தில் மனைவியின் வளையல் சத்தம் கேட்டாலே வியர்க்கும் நிலைக்கு வந்துவிடுவார்கள்.

கோட்டேசு முடிவெட்டுபவரிடம் சொன்னான். கூடாரம் போட்ட லேகியக்காரரிடம் சொன்னான். குண்டூர் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த முன்பின் தெரியாத மிளகாய் வியாபாரியிடமும் சொன்னான். எல்லாம் "என் ஃப்ரெண்டு ஒருத்தனுக்கு" என்றுதான். ஃப்ரெண்டுக்காக எண்ணெய் வாங்கினான், ஃப்ரெண்டுக்காக லேகியம் தின்றான், ஃப்ரெண்டுக்காக வயிறும் கெட்டது.

பக்கத்தில் படுத்திருந்த புது மனைவி ஸ்ரவந்திக்குத் தூக்கம் வருமா? தன்னிடம்தான் ஏதோ குறை என்று சோப்பை மாற்றினாள், எண்ணெயை மாற்றினாள். ஒருநாள் கேட்டே விட்டாள்: "ஏமண்டி, என் மேல ஏதாவது வாடை வருதா?"

"சேச்சே! கடையில வேலை ஜாஸ்தி."

இந்த நேரத்தில் ஆஷாட மாதம், அதாவது அவர்கள் ஊர் ஆடி, நெருங்கியது. அந்த மாதம் புதுப்பெண் தாய்வீடு போயாக வேண்டும்; மாப்பிள்ளை அந்த வாசலை மிதிக்கக் கூடாது. மற்ற புதுமாப்பிள்ளைகள் அந்தப் பேச்சை எடுத்தாலே சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிடுவார்கள். நம் ஆள் என்ன செய்தான்? விசிலடித்துக்கொண்டே போய், பத்து நாள் முன்னதாகவே அவளுக்குப் பஸ் டிக்கெட் வாங்கி வந்தான்!

அந்தத் தைரியத்தில் குண்டூரில் ஒரு டாக்டரம்மாவையும் பார்த்தான்.

"என் ஃப்ரெண்டுக்குங்க..."

"சரி, உங்க ஃப்ரெண்டுக்குப் பயம் அதிகமா?"

"செத்துப்போற பயம்ங்க."

"பயந்தா இன்னும் முந்தும். நிறுத்தி, நிதானிச்சுப் பழகுற பயிற்சி இருக்கு. தேவைப்பட்டா மாத்திரை தரலாம். லேகியத்தை முதல்ல விடச் சொல்லுங்க. அவர் சம்சாரத்துக்கு விஷயம் தெரியுமா?"

"ஐயையோ! அவளுக்கு எப்படித் தெரியும்?"

"அந்த நேரம் அவங்களும் அங்கதானே இருக்காங்க?"

கோட்டேசு இதை யோசித்ததே இல்லை.

வீடு திரும்பினால் ஸ்ரவந்தி பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள். கல்யாணப் புடவை, குளிர்கால சால்வை, சர்டிபிகேட்டுகள் எல்லாம் உள்ளே.

"ஒரு மாசத்துக்கு சால்வை எதுக்கு?"

"ஒரு மாசம்னு யார் சொன்னது? பொண்டாட்டியை முன்கூட்டியே டிக்கெட் போட்டு அனுப்புற மாப்பிள்ளை இந்த ஊர்லயே நீங்க ஒருத்தர்தான். என்னைப் பிடிக்கலைன்னா பொண்ணு பார்க்க வந்தப்பவே சொல்லியிருக்கலாமே. அங்கேயே இருந்துக்கறேன்."

"ஸ்ரவந்தி, என் ஃப்ரெண்டு ஒருத்தன்..." என்று தொடங்கினான். அவள் நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வைக்கு முன்னால் ஃப்ரெண்டு நிற்கவில்லை, ஓடிவிட்டான். "நான்தான்," என்று பெட்டி மேல் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னான்.

"இவ்வளவுதானா? நான் நாலு சோப்பு மாத்தினேனே, பாவி மனுஷா!" சால்வையை உருவி அவன் முதுகில் நாலு அடி வைத்தாள். அழுதாள், சிரித்தாள். "அந்த டாக்டரம்மாகிட்ட அடுத்த தடவை ரெண்டு பேரும் போறோம். மிளகாய் வியாபாரி வரைக்கும் தெரியும், எனக்குத் தெரியாதாமே!"

அன்றே எல்லாம் சரியாகிவிட்டதா? இல்லை. சரியாக நாளாகும். ஆனால் ஆஷாடத்தின் இரண்டாவது வாரம், மாமனார் வீட்டு வாசலில் பைக்கைச் சாய்த்துவிட்டு, "சரியா இங்க வந்து பெட்ரோல் தீர்ந்துபோச்சு அத்தை" என்று அசடு வழிய நின்றான் கோட்டேசு.

வாசகரே, இதைப் படிக்கும்போது பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று எத்தனை தடவை திரும்பிப் பார்த்தீர்கள்? அங்கே நிற்பது உங்கள் மனைவி என்றால் தாளை மடிக்காதீர்கள். கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுங்கள்.