மோதிரத்தைக் கழற்ற அனுமதி கேட்டு அத்தைக்கு

மதிப்பிற்குரிய அத்தை அவர்களுக்கு, உங்கள் அண்ணன் மகள் வணக்கத்துடன் எழுதுவது.

இங்கே அப்பா, அம்மா, நான், நீங்கள் தந்த மோதிரம் எல்லோரும் சுகம். மாமாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? எதுவானாலும் போனில் சொல்லச் சொன்னீர்கள். நானும் நம்பரைப் போட்டேன். நீங்கள் "அலோ, யாரு?" என்று கேட்ட வேகத்தில் பயந்து வைத்துவிட்டேன். இன்று ஞாயிற்றுக்கிழமை, காலையிலிருந்து யாரோ போன் செய்து பேசாமல் வைத்தது திருடன் இல்லை, நான்தான்.

விஷயம் இதுதான். அந்த நீலக்கல் மோதிரத்தைக் கழற்ற உங்கள் அனுமதி வேண்டும். நாளை திங்கட்கிழமைக்குள் வேண்டும், அதனால் இந்தக் கடிதத்தை அப்பா கையிலேயே கொடுத்து அனுப்புகிறேன். இல்லாவிட்டால் என் வேலை போய்விடும்.

படிப்பை நிறுத்திய பிறகு எனக்குக் கிடைத்த முதல் வேலை இந்த மூக்குக்கண்ணாடிக் கடைதான் என்பது உங்களுக்குத் தெரியும். பின்னறையில் உட்கார்ந்து, முடிந்த கண்ணாடிகளைத் துணியால் துடைத்துப் பெட்டியில் வைக்க வேண்டும். யாரோடும் பேச வேண்டாம், அதனாலேயே பிடித்திருந்தது. நிரந்தரமாக வைத்துக்கொள்வதா என்று பார்த்துச் சொல்வதாக முதலாளியம்மா சொல்லியிருந்தார். அதைக் கேட்டுத்தான் நீங்கள் மோதிரத்தோடு வந்தீர்கள். "இது சனியோட கல்லுடி. ஒத்துக்கிச்சுன்னா ஆளைத் தூக்கி உட்கார வைக்கும். ஒத்துக்கலைன்னா தூக்கி அடிக்கும். ஊமைக்குக்கூட நாக்கு வரும். வேலை நிலைக்கிற வரைக்கும் என்னைக் கேட்காம கழட்டின, கல்லுக்கும் கோபம் வரும், எனக்கும் வரும்" என்றீர்கள். கல்லின் கோபத்தை நான் பார்த்ததில்லை. உங்களுடையதைப் பார்த்திருக்கிறேன்.

போடுவதற்கு முன் தலையணைக்கு அடியில் வைத்து என்ன கனவு வருகிறது என்று பார்க்கச் சொன்னீர்கள் இல்லையா, நான் கனவு கண்டாலும் வாயைத் திறந்து சொல்ல மாட்டேன் என்று அப்பா தன் தலையணைக்கு அடியிலேயே வைத்துக்கொண்டார். காலையில் எழுந்து, "யானை மேல போனேன்" என்றார். "மோதிரம் அவ விரலுக்கு, யானை உங்களுக்கா?" என்று அம்மா கேட்டார். அப்பா அதைக் காதில் வாங்கவே இல்லை, சகுனம் அருமை என்று என் விரலில் மாட்டிவிட்டார். கல் அவ்வளவு பளபளப்பாக இருந்ததா, எல்லாரும் பார்ப்பாங்களேன்னு எனக்கு ஒரே கூச்சம், அதனால கல்லை உள்ளங்கைப் பக்கமாத் திருப்பி வச்சுக்கிட்டே வேலை செஞ்சேன்.

அதுக்கப்புறம் ஆரம்பிச்சுது பாருங்க. முதல்ல ஒரு பாட்டு டீச்சர் வந்து, "எங்க பார்த்தாலும் ஒரு கோடு ஓடுது" என்றார். அடுத்து ஒரு லாரி டிரைவர், "வானத்துல கம்பி கட்டியிருக்கு, கழுவினாலும் போகல"ன்னு சத்தம் போட்டார். ஒரு பெரியவர் கண்ணுதான் போச்சுன்னு பயந்து டாக்டர்கிட்டயே போயிட்டாராம். டாக்டரும் பார்த்துட்டு, "ஆமா, எனக்கும் தெரியுது" என்றாராம். பின்னே, அவர் கண்ணாடியும் எங்க கடையில வாங்கினதுதானே! முன்மேசையில உட்கார்ற அக்கா திட்டு தாங்காம லீவு போட்டுட்டாங்க. முதலாளியம்மா என்னைப் பிடிச்சு முன்னாடி தள்ளி, "நீ போய்ச் சமாளி"ன்னுட்டாங்க. "உட்காருங்க, புதுசு மாட்டித் தர்றோம்"னு தரையைப் பார்த்துச் சொல்லிச் சொல்லி, கடைசியில முகத்தைப் பார்த்தே சொல்லிட்டேன். வீட்டுக்கு வந்தா, "சனி பிடிச்சாச்சு, கழட்டி எறி"ன்னு அம்மா. "கல்லு இப்பத்தான் அவகூடப் பழகுது, கொஞ்சம் பொறு"ன்னு அப்பா.

நேத்து நான் துடைக்கிறதை முதலாளியம்மா பின்னாடி நின்னு பார்த்திருக்காங்க. "கையைக் காட்டு" என்றார்கள். என் கையைப் பிடிச்சு ஒரு கழிச்சுப்போட்ட லென்ஸ் மேல இழுத்தாங்க. கிர்ர்ன்னு அதே கோடு! "சாபமும் இல்ல, சனியும் இல்ல. நீலக்கல்லு அவ்வளவு கெட்டிடி, அதைக் கீறணும்னா வைரம் வேணும். அதை உள்ளங்கையில வச்சுத் தேய்ச்சா லென்ஸ் என்ன ஆகும்? பாதித் தெருவோட பார்வையில கோடு போட்டு வச்சிருக்கியே! திங்கட்கிழமை மோதிரம் இல்லாம வா. மோதிரத்தோட வர்றதா இருந்தா, வராதே!"

அத்தை, கல் நல்ல கல்தான். எனக்குத்தான் ஒத்துக்கொள்ளவில்லை. இந்த வேலை எனக்கு வேண்டும். தயவுசெய்து கழற்றிக்கொள் என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். மாமாவுக்கு என் வணக்கமும், கதவைத் திறந்தாலே குரைக்கும் உங்கள் நாய்க்கு என் பயமும்.

இப்படிக்கு,
உங்கள் பேசாமடந்தை

பின்குறிப்பு: ஒட்டிய கவரைப் பிரித்து எழுதுகிறேன். முதலாளியம்மா இப்போதுதான் வீட்டுக்கு வந்துவிட்டுப் போனார். முன்மேசை அக்கா வேலையை விட்டுவிட்டாராம். "கத்திக்கிட்டு வந்த ஒருத்தர்கூடக் கத்திக்கிட்டுப் போகல. அந்த லாரிக்காரர் தம்பியையும் கூட்டிட்டு வந்து கண்ணாடி எடுத்துட்டுப் போறார். இனி பின்னறை உனக்கு வேண்டாம், முன்மேசைதான். நிரந்தரம்" என்றார். அடுத்த நிமிஷமே மோதிரத்தைக் கழற்றிவிட்டேன். வேலை நிலைக்கிற வரைக்கும் என்றுதானே சொன்னீர்கள், நிலைத்துவிட்டது. அதனால் அனுமதி வேண்டாம். கல் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று மேலே எழுதியதையும் அடித்துவிடுங்கள். கேட்காமல் கழற்றியதற்குத் திட்ட வேண்டுமென்றால் கடைக்கே வாங்க. முன்னாடிதான் உட்கார்ந்திருப்பேன், பதில் சொல்றேன். கூட்டமா இருந்தா மட்டும் கொஞ்சம் வரிசையில நில்லுங்க அத்தை.