பெண் பார்க்க ஸ்வெட்டர் போட்டுப் போனேன்

ஸ்வெட்டரைத் தலைவழியாகக் கழற்றுகிற ஆண்பிள்ளை யார் கண்ணுக்கும் அழகாகத் தெரிவதில்லை. கழுத்து மாட்டிக்கொள்ளும், கைகள் மேலே நிற்கும், வயிறு வெளியே வரும். இதை நான் பெண் பார்க்கப் போன வீட்டில், கூடத்தின் நடுவில், பெண்ணுக்கு எதிரிலேயே செய்தேன். அதோடு போயிருந்தால் பரவாயில்லை. கொஞ்ச நேரத்தில் அந்தப் பெண்ணின் கம்ப்யூட்டரையும் தீர்த்துக்கட்டினேன்.

அப்போது எனக்கென்று ஒரு முகவரி கிடையாது. எட்டாவதோடு பள்ளிக்கூடம் என்னை விட்டுவிட்டது (நான்தான் அதை விட்டேன் என்பாள் அக்கா, எப்படியோ, இரண்டு தரப்புக்கும் நிம்மதி). லாரி கிளீனர், ஓசூரில் ஓட்டல் மேசை துடைப்பு, வீடியோ கேசட் கடை என்று சுற்றிவிட்டு பெங்களூர் அல்சூரில் நசீர் பாயின் ரிப்பேர் கடையில் வந்து விழுந்திருந்தேன். பகலில் வேலை பார்க்கிற பெஞ்சுதான் ராத்திரி கட்டில். டி.வி.யும் டேப் ரிக்கார்டரும் மட்டும் வந்துகொண்டிருந்த கடைக்கு, தொண்ணூறுகளின் கடைசியில் கம்ப்யூட்டரும் வர ஆரம்பித்தது.

கம்ப்யூட்டரைத் திறக்கும் முன் பாய் மணிக்கட்டில் ஒரு பட்டையைக் கட்டச் சொல்வார். பட்டையிலிருந்து ஒரு சுருள் ஒயர், ஒயர் நுனியில் முதலை வாய் மாதிரி ஒரு கிளிப். அந்தக் கிளிப்பைப் பெட்டியில் பெயின்ட் இல்லாத இரும்பைக் கவ்வ விட வேண்டும். துணி உரசி உரசி நம் உடம்பில் சேர்ந்திருக்கும் கரண்ட் அந்த வழியாகச் சத்தமில்லாமல் வடிந்துவிடும். கட்டாவிட்டால் அது விரல் நுனியிலிருந்து உள்ளே இருக்கும் சிப்பின் மேல் பாயும்.

"நமக்கு எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும். அதுக்கு இடி விழுந்த மாதிரி," என்பார் பாய். பாலியஸ்டர் சட்டை, கம்பளி, பிளாஸ்டிக் நாற்காலி மூன்றுக்கும் கடையில் தடை.

அந்தப் பட்டைக்குக் கடையில் நாய்ச்சங்கிலி என்று பெயர். எந்த ஊரிலும் கட்டிப்போட்ட மாதிரி நிற்காத எனக்கு அதைக் கண்டாலே ஆகாது. பாய் பார்த்தால் கட்டுவேன். அவர் டீ குடிக்கப் போனால் கழற்றிவிடுவேன்.

ஆனேக்கல்லில் வாழ்க்கைப்பட்டிருந்த அக்காதான் மர்பி டவுனில் அந்தச் சம்பந்தத்தைப் பிடித்தாள். பெண் பெயர் சாந்தி. அப்பா இல்லை; அம்மாவும், ஆட்டோ ஓட்டும் தம்பி பாபுவும்தான். சாந்தி ஒரு பழைய கம்ப்யூட்டரை வாங்கிப் போட்டு, வீட்டிலிருந்தே கல்யாணப் பத்திரிகைகளை டைப் செய்து பிரஸ்களுக்குக் கொடுத்துவந்தாள்.

"பொண்ணு கம்ப்யூட்டர் வச்சிருக்கு, நீ கம்ப்யூட்டர் ரிப்பேர் பண்றே. இதுக்கு மேல ஜாதகம் வேற பாக்கணுமாடா?" என்றாள் அக்கா.

ஜனவரி மாதம். காற்றில் பொட்டு ஈரம் இல்லாமல் உதடு வெடிக்கிற பெங்களூர் ஜனவரி. புது பாலியஸ்டர் சட்டை; குளிருக்கு அதன் மேல் நசீர் பாயிடம் இரவல் வாங்கிய கம்பளி ஸ்வெட்டர். கிளம்பும்போது பாய் சங்கிலியை நீட்டினார்.

"கம்ப்யூட்டர் இருக்கிற வீடுங்கிறே. சும்மா பாக்கெட்ல போட்டுக்கோ."

"பொண்ணு பாக்கப் போறேன் பாய். நாய் புடிக்கப் போகல."

அக்காவோடு போனேன். அவர்கள் வீட்டில் எனக்குப் போட்ட நாற்காலி சிவப்பு பிளாஸ்டிக். (பாய் தடை செய்த மூன்றும் இப்போது என்னைச் சுற்றி இருந்தன.) பதற்றத்தில் அதில் நெளிந்துகொண்டே இருந்தேன். சாந்தி காபி கொண்டுவந்து எவர்சில்வர் டம்ளரை நீட்டினாள். நான் கை நீட்டினேன். சுள்ளென்று ஒரு பொறி. இருவரும் ஒரே நேரத்தில் கையை உதறினோம்.

இந்தப் பொறி எங்கிருந்து வருகிறது என்பதைத் தெரிந்துவைத்திருப்பதுதான் என் தொழில். ஆனால் அந்த நிமிடம் நான் அதைக் காதல் என்று எடுத்துக்கொண்டேன்.

காபி முழுக்க ஸ்வெட்டர் மேல்.

"சுடப்போவுது, கழட்டுடா தம்பி," என்றாள் அக்கா.

கழற்றினேன். சட்டைக்கும் ஸ்வெட்டருக்கும் நடுவே கடுகு பொரிகிற மாதிரி படபடவென்று சத்தம். தலை வெளியே வந்தபோது முடியெல்லாம் நட்டுக்கொண்டு நின்றது.

"இன்னா சார், உள்ள பட்டாசு கட்டிக்கினு வந்துக்கிறீங்களா?" என்றான் பாபு. அம்மா அவன் தொடையில் கிள்ளினாள்.

போன மானத்தை உடனே மீட்டாக வேண்டும். மூலையில் இருந்த கம்ப்யூட்டரைப் பார்த்தேன்.

"அதுல ஏதாவது தொந்தரவு இருக்கா?"

"தொந்தரவுன்னு இல்ல," என்றாள் சாந்தி. "காலைல ஆன் பண்ணா ஒரு வாட்டி கத்தும். ஆஃப் பண்ணிட்டு மறுபடி போட்டா வந்துடும்."

வந்துடும் என்று அவளே சொல்கிறாள். மனிதனாக இருந்தால் அங்கேயே நிறுத்தியிருப்பான்.

"மெமரி கால்ல அழுக்கு. பென்சில் அழிக்கிற ரப்பர் இருந்தா குடுங்க, ஒரே தேய்ப்புதான்," என்று எழுந்தேன். பிளக்கைப் பிடுங்கி, மூடியைத் திறந்து, மெமரி என்கிற விரல் நீளப் பச்சை அட்டையை எடுக்கக் கை வைத்தேன். விரல் நுனியில் எறும்பு கடித்தது. என் மூளை அதையும் காதல் கணக்கில் சேர்த்துவிட்டது.

ரப்பரால் தேய்த்தேன், ஊதினேன், மாட்டினேன், ஆன் செய்தேன். கம்ப்யூட்டர் கத்தியது. ஆஃப் செய்து மறுபடி போட்டேன். கத்தியது. திரையில் ஒன்றும் வரவில்லை. அக்கா கடிக்க எடுத்த பஜ்ஜியைத் தட்டில் வைத்தாள்.

"ஆய்த்து," என்றான் பாபு. "பொண்ணைப் புடிக்கலன்னு சொல்லிட்டுப் போறவங்களைப் பாத்துக்கிறோம். பொழப்பைக் கெடுத்துட்டுப் போறவரை இப்பதான் பாக்கிறோம்."

சாந்தி திரையைப் பார்த்தபடியே சொன்னாள்: "உள்ள ஒரு கல்யாணப் பத்திரிகை இருக்கு. நாளைக்குக் காலைல பிரஸ்ஸுக்குப் போகணும்."

"அது டிஸ்க்ல பத்திரமா இருக்கும். செத்தது மெமரி மட்டும்தான்," என்றேன். செத்தது என்ற வார்த்தையைப் பெண் பார்க்கிற வீட்டில் சொல்லக்கூடாது என்பது அவள் அம்மாவின் முகத்தில் தெரிந்தது.

"உங்க கடைலயும் இப்படித்தான் கை வைப்பீங்களா?"

"இல்ல. ஒரு பட்டை கட்டிக்குவோம். உடம்புல இருக்கிற கரண்ட் போறதுக்கு."

"அது எங்க?"

"கடைல."

"ஏன் எடுத்தாரல?"

பொய் ஏதும் அகப்படவில்லை. "பொண்ணு பாக்க வர்றப்ப நாய்ச்சங்கிலி கட்டிக்கினு எப்படிங்க வர்றது," என்றேன்.

அவள் என் தலையைப் பார்த்தாள். முடி இன்னும் முழுசாகப் படுத்திருக்கவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"போய் எடுத்துக்கினு வாங்க. மெமரியும் கொண்டாங்க."

காபி ஊறிய ஸ்வெட்டரை அங்கேயே விட்டுவிட்டு மர்பி டவுனிலிருந்து அல்சூருக்கு ஓடினேன். அந்த ஓட்டத்தில் அப்படியே பஸ் ஸ்டாண்டுக்குப் போய் ஏதாவது ஒரு ஊருக்கு ஏறிவிடலாமா என்று தோன்றாமல் இல்லை. அதுதான் என் வழக்கம். ஆனால் அவள் உதட்டைக் கடித்தது கோபத்திலா சிரிப்பிலா என்று தெரியாமல் போக மனமில்லை.

பாய் என்னைப் பார்த்ததுமே நடந்ததைப் புரிந்துகொண்டார். வெள்ளி நிறக் கவரில் ஒரு மெமரியையும் சங்கிலியையும் எடுத்து வைத்துவிட்டு, "என் ஸ்வெட்டர் எங்க?" என்று மட்டும் கேட்டார்.

திரும்பி வந்து தரையில் உட்கார்ந்து பட்டையைக் கட்டப் பார்த்தேன். ஓடிவந்த மூச்சு, பயம். ஒற்றைக் கையால் கொக்கி மாட்டவில்லை. சாந்தி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பட்டையை வாங்கி என் மணிக்கட்டில் சுற்றி, இறுக்கி, கிளிப்பைப் பெட்டியின் இரும்பில் மாட்டினாள். "ம், இப்பத் தொடுங்க."

மாட்டினேன். ஆன் செய்தேன். ஒரே ஒரு சின்ன பீப். திரை விழித்தது. கொஞ்ச நேரத்தில் யாரோ ஒருவருடைய கல்யாணப் பத்திரிகை, பிள்ளையார் படத்தோடு, எங்கள் எல்லோருக்கும் முன்னால் வந்து நின்றது.

முதலில் வாய் திறந்தவன் பாபு. "அம்மா, பொண்ணு கட்டிடுச்சு. இனிமே நாம பேசறதுக்கு இன்னா இருக்குது? மாமாவுக்கு இன்னொரு காபி கொண்டா. பிளாஸ்டிக் கிளாஸ்ல குடு."

அதுவரை நான் சார். அந்தக் காபியிலிருந்து மாமா. அக்கா பஜ்ஜியை மறுபடி கையில் எடுத்தாள்.

கல்யாணத்தன்று நான் தாலியை எடுத்தபோது, "மாமா, மொதல்ல இரும்பைத் தொடுங்க," என்று பின்னாலிருந்து பாபு குரல் கொடுத்தான். மேளக்காரர் சிரித்ததில் கெட்டிமேளம் ஒரு கணம் தாமதமானது. அந்த வீட்டில் இன்றைக்கும் எங்கள் கல்யாண நாள் எது என்று கேட்டால் முகூர்த்தத் தேதியைச் சொல்ல மாட்டார்கள். "யார் கட்டின தேதி? அவ கட்டினதா, இவர் கட்டினதா?" என்று திருப்பிக் கேட்பார்கள்.

கால் இன்னும் சில நாள் அரிக்கத்தான் செய்கிறது. ஓசூர் பஸ் போகும்போது வாசலில் கொஞ்சம் அதிக நேரம் நின்றுவிடுவேன். உள்ளேயிருந்து சாந்தியின் குரல் வரும்: "டேய் பாபு, அந்தச் சங்கிலி எங்கடா?"

நான் உள்ளே வந்து உட்கார்ந்துவிடுவேன். மர நாற்காலியில்தான்.