ராடார் சார் பார்த்தது பலூன் அல்ல

தாம்பரத்திலிருந்து வேளச்சேரி வரை, வானத்தைப் பார்த்து நடக்கும் ஒரே மனிதர் எங்கள் ராடார் சார்தான். மற்ற அத்தனை பேரும் சாலைப் பள்ளத்தைப் பார்த்து நடப்பவர்கள். அதனால் அவர் இரண்டு முறை சாக்கடையில் விழுந்திருக்கிறார். விழுந்த இடத்திலிருந்தே மேலே பார்த்து, "கோயம்புத்தூர் ஃபிளைட் சார், இன்னைக்கு லேட்டு" என்றார்.

விமானப்படையில் ராடார் திரை முன் உட்கார்ந்தே தலை நரைத்து ஓய்வு பெற்றவர். ராஜகீழ்ப்பாக்கத்தில் எங்கள் காலனிக்குக் குடிவந்த நாளிலிருந்து அதுதான் பெயர். சொந்தப் பெயர் அவர் மனைவிக்காவது நினைவிருக்குமா என்பது சந்தேகம்.

ஒரு சாயங்காலம் மொட்டை மாடியில் துணி எடுக்கப் போனவர், ஏரிக்கு மேலே ஒரு வெளிச்சம் அசையாமல் நிற்பதைப் பார்த்தார். சத்தமே இல்லை. பிறகு சட்டென்று காற்றுக்கு எதிராகக் கிளம்பி மறைந்துவிட்டது. வேற்றுக்கிரகம், அது இது என்று அவர் கதை கட்டவில்லை. "என்னன்னு தெரியல. தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லணும், அதான் எங்க டிரெயினிங்" என்று முறைப்படி ஓர் அலுவலகத்துக்குத் தகவல் கொடுத்தார். எந்த அலுவலகம் என்று சொல்ல மாட்டேன். நான் இந்த ஊரில் குடியிருக்க வேண்டும்.

விசாரிக்க ராடார் சார் வீட்டுக்கு ஓர் அதிகாரி வந்தார்; நானும் கூட இருந்தேன். சோபாவில் உட்கார்ந்தார், காபி குடித்தார், மாடிப்படி பக்கம் திரும்பக்கூட இல்லை.

"கல்யாண மண்டபத்துல விட்ட பலூன் சார்."

"எந்த மண்டபம்?"

"ஏதோ ஒண்ணு. முகூர்த்த நாளா இருந்திருக்கும்."

"ஆடி மாசத்துல எவன் சார் கல்யாணம் பண்றான்?"

அதிகாரி அசரவில்லை. "வயசாச்சுன்னா கண்ணு அப்படித்தான்" என்று எழுந்துவிட்டார். சர்வீஸில் இருந்தவரை ராடார் சார் சொன்னால் விமானத்தையே கிளப்பினார்கள். பென்ஷன் வாங்க ஆரம்பித்ததும் அவருக்கு பலூன் கூடவா தெரியாமல் போய்விடும்?

அதற்குப் பிறகு சார் தரையைப் பார்த்து நடந்தார். சாக்கடையில் விழவில்லை. எங்களுக்குத்தான் அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

திடீரென்று ஒரு சாயங்காலம், வெள்ளிக் காகிதம் போல் மினுங்கும் ஒரு பலூனோடு வந்து தெருவையே மாடிக்கு ஏற்றினார். "பலூன் எப்படிப் போகும்னு பாருங்க!" விட்டார். அது ஆடி ஆடி, காற்று போன பக்கமே போனது. கைதட்டினோம்.

விஷயம் அதோடு நிற்கவில்லை. கீழ்க்கட்டளையில் யாரோ அதைப் பார்த்து மிரண்டு புகார் செய்ய, அதே அதிகாரி எங்கள் தெருவுக்கும் வந்து தைரியம் சொன்னார். "பயப்படாதீங்க. அது வெள்ளி கிரகம்."

முனையில் நின்ற ஆட்டோக்காரருக்குப் பொறுக்கவில்லை. "இன்னா சார் பேஜாரா கீது! நம்ம சாரு வுட்ட பலூனு அது! தெருவே பாத்துகினு இருந்துச்சு!"

"மேலிடத்துல முடிவு பண்ணிட்டாங்கப்பா."

பலூன் அல்லாதது பலூனாம், பலூன் வெள்ளி கிரகமாம்! சோபாவில் உட்கார்ந்தபடி வானத்தை ஆள்கிறார்கள். நினைத்தால் இப்போதும் ஆத்திரம் வருகிறது.

போன வாரம் ஏரிப் பக்கம் வானத்தைப் பார்த்தபடி வந்து, நானும் சாக்கடையில் விழுந்தேன். கைகொடுத்துத் தூக்கிய ராடார் சார் ஆவலாகக் கேட்டார்: "ஏதாவது தெரிஞ்சுதா சார்?"

"ஒண்ணும் தெரியல சார். ஆனா நீங்க பார்த்தேன்னு சொன்னா பார்த்ததுதான்."

அவர் என் சட்டைச் சேற்றைத் துடைத்துக்கொண்டே இருந்தார். மேலே ஒரு விமானம் போனது. அதை அவர் கவனிக்கவே இல்லை.