மெர்வின் போட்ட பரண்

சொந்த வீட்டில் தனக்கென்று ஓர் அறை இல்லாதவன் மனிதனே இல்லை என்ற முடிவுக்கு மெர்வின் வந்தபோது அவனுக்கு வயது ஐம்பத்தெட்டு. எந்த முடிவுக்கும் அவன் கொஞ்சம் தாமதமாகத்தான் வந்து சேருவான்.

டனீடின் நகரத்து மலைச்சரிவில் இருந்த அவர்கள் மரவீட்டில் காலி அறை என்று ஒன்று உண்டு. பெயர்தான் காலி. ஒரு பாதியில் மெர்வினின் தூண்டில் கழிகள், பாடாத ரேடியோக்கள், பீர் காய்ச்சும் வாளிகள். மறுபாதியில் அவன் மனைவி கொலீன் ஒட்டுத்துணிப் போர்வை தைக்கும் மேஜையும் துணி மூட்டைகளும். அந்த மறுபாதியைக் கூரைக்கு அனுப்பிவிட்டால் அறை முழுக்கத் தனக்கு. திட்டம் அவ்வளவுதான். ஏப்ரல் மாதத்தில் ஒரு காலை, தேநீர் வேளையில், பாதித் திட்டத்தை மட்டும் அறிவித்தான்.

"கொலீன், மேலே பரண் போடப் போறேன். குளிருக்குப் பஞ்சு பரப்பி, பலகை அடிச்சு, எல்லாம் என் கையாலயே."

"யாரு, நீயா?"

"நானேதான்."

"குளியலறையில துண்டு மாட்ட ஒரு ஆணி அடிச்சியே, ஞாபகம் இருக்கா? தண்ணிய நிறுத்தக் குழாய்க்காரன் வர வேண்டியதாச்சு."

"அது குழாயோட தப்பு."

"ஆமாமா, ஆணி இருந்த இடத்துக்கு அதுதானே ஓடி வந்துச்சு!"

சனிக்கிழமையே ஏணி வைத்து ஏறினான். ஏறிய ஒரு மணி நேரத்தில் அரிக்கும் கண்ணாடி இழைப் பஞ்சு காலர் வழியே உள்ளே போய்க் குடியேறிவிட்டது. முதுகைக் கதவு நிலையில் தேய்த்துக்கொண்டே சொன்னான்: "பேசாம ஆளைக் கூப்பிட்டுடலாமா?"

"நானும் அதைத்தான் நினைச்சேன். பாவம், உன்னால எங்கே ஆகப் போகுது?"

மெர்வின் மறுபடி ஏறினான்.

பதினொரு பலகை அடித்த பிறகு பக்கத்து வீட்டு நைரி வந்து எட்டிப் பார்த்தாள். மரக்கடையில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள்.

"என்னப்பா மெர்வின், பஞ்சைப் போட்டு இப்படி நசுக்கி வெச்சிருக்கே? அதுக்குள்ள காத்து நின்னாத்தான் குளிர் தாங்கும். குறுக்கே கட்டை கொடுத்து உயர்த்தி, அதுக்கு மேலேதான் பலகை."

"விடு நைரி," என்று கீழேயிருந்து கொலீனின் குரல் வந்தது. "பிரிச்சு அடிக்கறதெல்லாம் வேலை தெரிஞ்சவங்க செய்யறது."

பதினொரு பலகையையும் பிரித்தான்.

கூரைக்கடியில் நடக்கும்போது மரச் சட்டத்தின் மேல் மட்டுமே கால் வைக்க வேண்டும் என்று நைரி எச்சரித்திருந்தாள். மூன்றாவது வாரம் மெர்வின் சட்டத்தை மீறினான். தண்டனை உடனே கிடைத்தது. கீழே கொலீனும் நைரியும் சீஸ் ரோல் தின்றுகொண்டிருந்த மேஜைக்கு மேலே உட்கூரை பிளந்தது. முதலில் தூசி, அப்புறம் துண்டு துண்டாகப் பலகை, கடைசியில் தொடைவரை ஒரு கால். நைரி அலறினாள். கொலீன் தட்டை நகர்த்திவிட்டு அண்ணாந்து பார்த்தாள்.

"சாக்ஸ்ல ஓட்டை."

"காலைப் பிடிச்சு மேலே தள்ளு கொலீன்!"

"வேண்டாம், இறங்கிடு. நைரிகிட்ட விட்டா ரெண்டு நாள்ல முடிச்சுடுவா."

மெர்வின் காலை உருவிக்கொண்டான். பரணோடு உட்கூரையையும் சேர்த்துச் சரிசெய்தான்.

ஐந்தாவது வாரம் வேலை முடிந்தது. கொலீன் ஏறி, மண்டி போட்டு ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை போய் வந்தாள். ஒரு பலகைகூட முனகவில்லை. பரண் போட்டவன் மேல் பரணி பாடுவார்கள் என்று மெர்வின் எதிர்பார்க்கவில்லை. வழக்கமான ஏச்சுக்குத்தான் தயாராக நின்றான்.

"பிரமாதம் மெர்வின்," என்றாள் கொலீன்.

முப்பத்தொரு வருஷத் திருமண வாழ்க்கையில் கேட்டிராத வார்த்தை. மீதித் திட்டத்தை அவசரமாக அவிழ்த்தான்.

"அப்ப உன் மேஜையையும் மூட்டையையும் மேலே ஏத்திடலாமா?"

"மேஜை எப்படிப் போகும்? பரண் வாசல் அறுபது சென்டிமீட்டர். மேஜை தொண்ணூறு."

"காலைக் கழட்டிட்டா?"

"கழட்டியும் வெச்சுப் பார்த்துட்டேன். நுழையலை. மேஜை இல்லாத இடத்துல துணிக்கு என்ன வேலை? உன் தூண்டில், ரேடியோ, வாளி எல்லாம் அம்சமா நுழையுது."

"இரு இரு. எப்ப வெச்சுப் பார்த்தே?"

"மார்ச்சுல."

"நான் பரண் போடறேன்னு சொன்னதே ஏப்ரல்லதானே!"

அதற்குள் இரண்டு வாளிகளோடு ஏணியில் ஏறிக்கொண்டிருந்த நைரிதான் பதில் சொன்னாள்.

"உனக்கு அந்த யோசனை வரணுமேன்னு மாசம் பூரா வேலிப் பக்கம் நின்னு உன் காதுல விழற மாதிரி பேசினோமே! 'மெர்வினுக்கு ஒரு அறை இருந்தா நல்லாத்தான் இருக்கும், பரண் போடத்தான் தெரியாது'ன்னு. தொண்டையே கட்டிப் போச்சு. ஜூன் ஆகும்னு கொலீன் சொன்னா, நீ மேயிலேயே முடிச்சுட்டே."

மாலைக்குள் மெர்வினின் பாதி அறை பரணில் இருந்தது. காலி அறையின் நடுவில் கொலீன் மேஜையை இழுத்துப் போட்டுக்கொண்டாள். அவன் பின்வாசலில் போய் உட்கார்ந்தான். எல்லாம் புரிந்துவிட்டது. தன்னை ஓடவைக்கும் விசை எது என்பதுகூடப் புரிந்துவிட்டது. இனி யார் அழுத்தினாலும் அசைவதில்லை என்று உறுதி எடுத்தான்.

உள்ளே கொலீன் பேசுவது கேட்டது.

"பின்படிக்கட்டு உளுத்துப் போச்சு நைரி. ஆளைத்தான் கூப்பிடணும். இவனால ஆகாது."

மெர்வின் முழுசாக ஒரு நிமிஷம் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துப் பார்த்தான்.

"யாரால ஆகாதுங்கறே?" என்று எழுந்தான்.